கிளம்பவே மனமில்லாதவர் வெளிநாட்டு பைக் பயணம் போகலாமா?

கேள்வி – 5 ஜனவரி 2025

எனக்கு வயது 49. வண்டி ஓட்டுவதில் பயமில்லை, ஊட்டி மலையில் எத்தனையோ முறை ஏறி இறங்கியிருக்கிறேன். ஆனால் ஊரை விட்டு நாலு நாள் வெளியே என்றால் வயிற்றைக் கலக்கும். நண்பர்கள் வருகிற அக்டோபரில் வியட்நாமில் பைக் சுற்றுலா போகிறார்கள், என்னையும் இழுக்கிறார்கள். என் கட்சி இதுதான்: பைக் பயணம் என்றால் நம் வண்டி, நம் ரோடு, தனி ஆள். வாடகை வண்டியில் மந்தையாகப் போவது காசைக் கரியாக்கும் வேலை. போய் வந்தவர்கள் யாராவது, நான் சொல்வது தப்பு என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

5 ஜனவரி, இரவு

போய் வந்தவன் சொல்கிறேன். வயது 52, கோவையில் லேத் பட்டறை. போன நவம்பர் வரைக்கும் என் உலகத்துக்கு வடக்கே திருப்பதி, மேற்கே குருவாயூர், தெற்கே கன்னியாகுமரி, கிழக்கே கடல்.

காசு கரியாகும் என்பது சரி. மந்தை என்பதும் பாதி சரி. நாங்கள் எட்டுப் பேர், மச்சினனும் அவன் நண்பர்களும் நானும். வியட்நாமின் வடகோடியில் ஹா கியாங் என்ற மலைப்பகுதி. நாலு நாள், சுமார் 350 கிலோமீட்டர் வட்டம்.

எனக்கும் உங்களைப் போலத்தான். 2016-இல் குடும்பத்தோடு மலேசியா போக டிக்கெட் போட்டு, கிளம்புகிற அன்று எனக்குக் காய்ச்சல். மனைவியும் பிள்ளைகளும் மட்டும் போய் வந்தார்கள். இந்த முறை மச்சினன் விடவில்லை. "மாமா, நீங்க வரலைன்னா நானும் போகலை" என்று உட்கார்ந்துகொண்டான். வீட்டம்மா பையைக் கட்டிக் கொடுத்து, "இந்தத் தடவை காய்ச்சல் வராம பாத்துக்கங்க" என்றாள். கிளம்பிவிட்டேன்.

மீதி நாளைக்கு. காலையில் ஆர்டர் ஒன்று முடிக்க வேண்டும்.

6 ஜனவரி

முதலில் உரிமம். இதைத் தெரிந்துகொள்ளாமல் காசு கட்டாதீர்கள்.

ஆர்டிஓ ஆபீஸில் 1,000 ரூபாய் கட்டினால் சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகம் கொடுப்பார்கள். எட்டுப் பேரும் வாங்கினோம். வாங்கி, வாட்ஸாப்பில் படம் போட்டு, எல்லோரும் கட்டைவிரல் காட்டிய பிறகுதான் அது வியட்நாமில் செல்லாது என்று தெரிந்தது. நம் நாடு கொடுப்பது 1949-ஆம் வருட ஜெனீவா உடன்படிக்கைப்படியான புத்தகம். அவர்கள் ஏற்பது 1968-ஆம் வருட வியன்னா உடன்படிக்கைப் புத்தகம். பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

வண்டியை வாடகைக்கு விடுகிறவர் இதையெல்லாம் கேட்க மாட்டார். வழியில் நிற்கிற போலீஸ் கேட்பார். 2025 பிறந்ததும் அங்கே போக்குவரத்து அபராதங்களை நன்றாக ஏற்றிவிட்டார்கள். அபராதத்தைக்கூடக் கட்டித் தொலைக்கலாம், செல்லாத உரிமத்தில் ஓட்டி விழுந்தால் பயணக் காப்பீடு கை விரித்துவிடும். 50 சிசி வண்டிக்கு உரிமம் வேண்டாம் என்பது உண்மை. ஆனால் என் எடைக்கு அந்த ஏற்றத்தில் 50 சிசி வண்டியை நான்தான் சுமக்க வேண்டியிருக்கும்.

இதற்கு அங்கே இருக்கிற வழி 'ஈஸி ரைடர்'. உள்ளூர்ப் பையன் ஓட்டுவான், நீங்கள் பின்னால். எங்களில் ஆறு பேர் அப்படித்தான் போனோம். இரண்டு பேர் "நாங்க பாத்துக்கறோம்" என்று தாங்களே ஓட்டினார்கள். அதில் ஒருவர் கதை பிறகு வரும்.

8 ஜனவரி

"பின்னால் உட்கார்ந்து போனதற்குப் பெயர் பைக் பயணமா, அது டாக்ஸி இல்லையா" என்று கேட்டிருக்கிறார்கள். டாக்ஸியில் முழங்கால் நடுங்காது.

11 ஜனவரி

சரி, முதல் நாள்.

ஹனோயிலிருந்து ஹா கியாங் நகரம் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். இரவு பஸ், படுக்கை வசதி, செருப்பைக் கழற்றிப் பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். தூங்கவில்லை. விடியற்காலையில் இறங்கியபோது, திரும்பிப் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தேன். மச்சினனிடம் சொல்லவில்லை.

எனக்கு வாய்த்தவன் தாய் இனப் பையன். தாய்லாந்து தாய் இல்லை, அந்த மலையடிவாரங்களில் வாழும் தாய் என்ற இன மக்கள். 24 வயது இருக்கும், என் பெரிய மகன் வயது. வண்டி ஹோண்டா எக்ஸ்ஆர் 150. ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, பட்டையை அவனே சரிபார்த்து, என் தோளைத் தட்டினான். முப்பது வருடமாக நான் மற்றவர்களைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டியவன். பின்னால் உட்கார்ந்ததே இல்லை என்பது அந்த நிமிடம்தான் உறைத்தது.

அங்கே வண்டிகள் வலதுபுறம் போகும். வளைவில் எதிரே லாரி வந்தால் நம் மூளை இடப்பக்கம் ஒதுங்கு என்கிறது, அவன் வலப்பக்கம் ஒதுங்குகிறான். ஒவ்வொரு தடவையும் நான் செத்துப் பிழைத்தேன். என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தபடியே வந்தது. ஃபுட்ரெஸ்ட் ரப்பர் தேய்ந்திருக்கும்.

குவான் பா கணவாய் உச்சியை 'சொர்க்க வாசல்' என்கிறார்கள். நமக்கு சொர்க்க வாசல் என்றால் மார்கழி, ஸ்ரீரங்கம். இங்கே ஊரே நெஸ்காபியும் கையுமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. கீழே நெல் வயலுக்கு நடுவில் இரட்டைக் குன்று, ஒரு தேவதை தன் பிள்ளைக்குப் பால் கொடுக்க விட்டுச்சென்ற மார்புகள் என்று கதை. நான் பார்த்தது குன்றை இல்லை, எங்கள் வண்டியின் செயினை. ஏற்றம் முழுக்க கிரக், கிரக் என்று சத்தம். செயின் தொங்கிக்கொண்டிருந்தது.

யென் மின் ஊர் வந்ததும் அவனிடம் செயினைக் காட்டி, இரண்டு விரலால் ஆட்டிக் காட்டினேன். சிரித்தான். பரவாயில்லை என்கிற மாதிரி கை காட்டினான். நான் மறுபடியும் ஆட்டினேன். உள்ளே போய் ஸ்பேனரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டான், செய் பார்ப்போம் என்பது போல.

ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கக் குறியும் சமமாக வருகிற மாதிரி இழுத்து, திரும்ப முறுக்கினேன். பத்து நிமிட வேலை. சக்கரத்தைச் சுற்றிக் காது கொடுத்துக் கேட்டான். பக்கத்து வண்டிக்காரனைக் கூப்பிட்டான். அன்று மாலை மூன்று வண்டிக்கு செயின் பார்த்தேன். அடுத்த நாளிலிருந்து என் கால் பிரேக் மிதிப்பதை நிறுத்திவிட்டது.

11 ஜனவரி, சற்று பிறகு

மேலே கடைசி வரி பொய். குறைத்துக்கொண்டது, நிறுத்தவில்லை.

12 ஜனவரி

திருத்தம். ஊர் பெயர் 'ஹா கியாங்' இல்லை. வடக்கு வியட்நாமியர் வாயில் அது 'ஹா ஸாங்'. நான் நாலு நாளும் கியாங் கியாங் என்று சொல்லி, அவர்களும் பாவம் தலையாட்டினார்கள். ஆனால் ஒரு பெயரில் நாம்தான் ராஜா. அங்கே பள்ளத்தாக்கில் ஓடும் ஆறு ஞோ குவே. வழியில் பார்த்த வெள்ளைக்காரர்கள் அந்த முதல் எழுத்தில் நாக்கைச் சிக்கவைத்துத் தவித்தார்கள். நமக்கு ஞானம், ஞாயிறு என்று சொல்லிப் பழகிய நாக்கு. பையன் என் கையைக் குலுக்கினான்.

15 ஜனவரி

செலவு கேட்டிருக்கிறீர்கள். ஓட்டுநர், தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து நாலு நாளைக்கு ஆளுக்கு 50 லட்சம் டாங். பதறாதீர்கள், நான் போனபோது 30 ஆயிரம் டாங் கிட்டத்தட்ட நம் நூறு ரூபாய். ஆக 16, 17 ஆயிரம். விமானமும் மற்றதும் தனி. விசா இணையத்திலேயே, ஒருமுறை நுழைய 25 டாலர்.

விசா விண்ணப்பத்தில் நம்மவர்களுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு, இனிஷியல். எங்களில் ஒருவருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டமே காலி. டிக்கெட்டில் ஒரு மாதிரி, விசாவில் ஒரு மாதிரி வந்து, மறுபடி காசு கட்டி விண்ணப்பித்தார். பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து பார்த்துப் போடுங்கள். அப்பா பெயரை ஆசையாகச் சேர்க்காதீர்கள்.

19 ஜனவரி

சாப்பாடு. கிளம்ப மாட்டேன் என்று நான் அடுக்கிய காரணங்களில் இது இரண்டாவது. முதலாவது பட்டறை.

பயந்த அளவுக்கு இல்லை. சோறு, கீரை வதக்கல், முட்டை, வறுத்த டோஃபு எங்கும் உண்டு. சைவம் வேண்டுமென்றால் 'ஆன் சாய்' என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள், புத்த மதத்து வழக்கம். ஆனால் மீன் சாஸ் எதில் ஒளிந்திருக்கும் என்று சொல்ல முடியாது, ஆசாரம் பார்ப்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். நான் ஆடு கோழி சாப்பிடுகிறவன். ஹ்மோங் மக்களின் சந்தையில் பெரிய கொப்பரையில் குதிரைக்கறிக் குழம்பு கொதித்தது. தூரத்தில் இருந்தே கும்பிடு போட்டேன்.

பிடித்தது 'மென் மென்'. மக்காச்சோளத்தை அரைத்து ஆவியில் வேக வைப்பது. உதிரி உதிரியாக நம் புட்டு மாதிரிதான், தேங்காய் இல்லாத புட்டு. பாறைக் காடு அது. நெல் வயல் கொஞ்சம்தான். பாறை இடுக்கில் ஒரு சட்டி மண் இருந்தால் அதில் ஒரு சோளத்தட்டு நிற்கிறது. கூடையில் மண் சுமந்து கொண்டுபோய் இடுக்கை நிரப்புகிறார்கள். இதைப் பார்த்த பிறகு, எங்கள் பக்கத்து மானாவாரிக் காட்டைக் குறை சொல்ல வாய் வராது.

அதே சோளத்தில்தான் சாராயமும். இரவுச் சாப்பாட்டில் சின்னக் கிண்ணங்களில் ஊற்றி "மொத், ஹாய், பா, ஸோ!" என்று கத்திவிட்டுக் குடிப்பது வழக்கம். ஒன்று, இரண்டு, மூன்று, அவ்வளவுதான் பொருள். சுற்றுலாக்காரர்களுக்காக அதற்கு 'ஹேப்பி வாட்டர்' என்று பெயர். ஆனால் அந்த நாட்டில் 2020 முதல் ஓட்டுகிறவன் ரத்தத்தில் ஒரு துளி மது இருந்தாலும் குற்றம். இரவு குடித்தது காலையிலும் காட்டும். என் பையன் ஒரு கிண்ணத்தோடு கவிழ்த்து வைத்துவிட்டான். அதைப் பார்த்த பிறகுதான் அவன் முதுகை நம்பினேன். நீங்களும் முதல் ராத்திரி இதைக் கவனியுங்கள். ஓட்டுநர் மூன்றாவது கிண்ணத்துக்கு நீட்டினால் மறுநாள் ஆளை மாற்றச் சொல்லுங்கள்.

26 ஜனவரி

மா பி லெங் கணவாய் பற்றி இன்னும் எழுதவில்லை என்று ஞாபகப்படுத்தியதற்கு நன்றி. எழுதத் தயக்கமாக இருந்தது, படத்தில் எல்லோரும் பார்த்ததுதானே என்று.

டோங் வானிலிருந்து மெயோ வாக் போகும் 20 கிலோமீட்டர் சொச்சம். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் பாதாளம், அடியில் பச்சை நூல் மாதிரி ஞோ குவே ஆறு, சீனாவிலிருந்து வருகிறது. இந்த ரோட்டுக்குப் பெயர் 'மகிழ்ச்சிச் சாலை'. 1959-இல் தொடங்கி 1965-இல் முடித்தார்கள், ஹா ஸாங் நகரிலிருந்து மெயோ வாக் வரை சுமார் 185 கிலோமீட்டர். போட்டவர்கள் பல இனங்களைச் சேர்ந்த இளவட்டங்கள். கடப்பாரை, சம்மட்டி, வெடி. மா பி லெங் பாறையில் மட்டும் பதினொரு மாதம், கயிற்றில் தொங்கிக்கொண்டே துளை போட்டிருக்கிறார்கள். மேலே அவர்களுக்குச் சிலை இருக்கிறது.

இரும்போடு மல்லுக்கு நிற்கிறவன் நான். பாறையில் கையால் ஒரு அடி துளை போட எத்தனை அடி அடிக்க வேண்டும் என்று எனக்கு ஓரளவு தெரியும். சிலைப் பக்கம் நின்று ரோட்டின் உள்பக்கச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் பள்ளத்தைப் படம் எடுத்தார்கள். பள்ளத்தைப் பார்க்கப் பயம் என்பதும் உண்மைதான், மறைக்கவில்லை.

இதே மாதிரி இன்னொன்று, முந்தின நாள் பார்த்தது. சா ஃபின் என்ற இடத்தில் ஹ்மோங் தலைவர் ஒருவரின் பழைய அரண்மனை. அபின் வியாபாரத்தில் வந்த செல்வம். தூண்களின் அடிக்கல்லைக் கசகசாக் காய் வடிவத்தில் செதுக்கியிருக்கிறார்கள், அபின் அதிலிருந்துதானே. வெள்ளிக் காசால் தேய்த்து மெருகேற்றினார்களாம். நான் குனிந்து கையால் தடவிப் பார்த்தேன். லேத்தில் கடைந்தாலும் இந்த உருட்சி வருவது கஷ்டம். மச்சினன், "மாமா, கல்லைத் தடவத்தான் இவ்வளவு தூரம் வந்தீங்களா" என்றான். அப்படித்தான் போலிருக்கிறது.

லுங் கூ கொடிமரம் போனோம். நாட்டின் 54 இனங்களுக்காக 54 சதுர மீட்டர் கொடி. படி ஏறி மூச்சு வாங்கியது, அந்தப் பக்கம் சீனா தெரிந்தது. அவ்வளவுதான்.

2 பிப்ரவரி

விழுந்தவர் கதை. வாடகைக்கு எடுத்தது கிளட்ச் இல்லாத 110 சிசி வண்டி, நம்மூரில் முன்பு ஹீரோ ஹோண்டா ஸ்ட்ரீட் வந்ததே, அந்த ஜாதி. நல்ல வண்டிதான். ஆனால் இறக்கத்தில் அவர் மேல் கியரிலேயே விட்டு, பிரேக்கை மட்டும் அழுத்திக்கொண்டே வந்திருக்கிறார். ஊட்டி இறங்குகிறவர்களுக்குத் தெரியும், கியரைக் குறைத்து என்ஜினைப் பிடித்து இறக்க வேண்டும். டிரம் சூடேறி பிரேக் மங்கிவிட்டது. டூ ஜா போகிற வழியில் ஒரு வளைவு, சரளைக்கல், ஆள் கீழே. நல்லவேளை மலைப்பக்கம் விழுந்தார். முழங்கை தோல் உரிந்தது, வண்டிக்கு இண்டிகேட்டரும் லீவரும் போனது. இரண்டுக்கும் காசை அவரே கட்டினார். உரிமம் செல்லாது என்று தெரிந்ததால் காப்பீட்டைக் கேட்கவே இல்லை.

கூட்டத்தின் பயன் அங்கேதான் தெரிந்தது. முன்னால் வழிகாட்டி, கடைசியில் ஒரு வண்டி. அந்தக் கடைசி வண்டிக்காரனுக்கு ஒரே வேலை, யாரையும் முந்தக் கூடாது. விழுந்த இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டான், பெட்டியில் மருந்து, பஞ்சு. தனி ஆளாகப் போயிருந்தால் அந்த வளைவில் கைகாட்டி நிறுத்தக்கூட அரை மணி நேரம் வண்டி வரவில்லை. உங்கள் 'தனி ஆள்' கட்சிக்கு இதை யோசித்துப் பாருங்கள்.

ஆனால் மந்தைத் தொல்லையும் உண்டு. எட்டுப் பேரில் ஒருவருக்கு எப்போதும் பாத்ரூம் வரும், ஒருவருக்குப் படம் எடுக்க வேண்டும், ஒருவர் வீட்டுக்கு வீடியோ கால் போடுவார். வீடியோ கால் போட்டது நான்தான்.

9 பிப்ரவரி

செயின் இறுக்கிய கதை பலருக்குப் பிடித்திருக்கிறது. எனக்கு இப்போது அதில் ஒரு நெருடல். அன்றைக்கு நான் தைரியசாலி ஆகவில்லை. எனக்குத் தெரிந்த வேலை ஒன்று கையில் கிடைத்தது, அவ்வளவுதான். ஸ்பேனர் கையில் இருந்தால் எந்த ஊரும் கோவைதான்.

உண்மையில் நான் பயந்தது விபத்துக்கோ சாப்பாட்டுக்கோ இல்லை என்று தோன்றுகிறது. பட்டறையில் எல்லோரும் என்னிடம் வந்து கேட்பார்கள். வீட்டிலும் அப்படித்தான். விமான நிலையத்தில் எந்த வரிசையில் நிற்பது என்று நான் போய் ஒரு சின்னப் பையனிடம் கேட்க வேண்டும், என் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதுதான் குமட்டியது. மச்சினன் கூட்டத்தில் அது சுலபமாக இருந்தது, எட்டுப் பேருக்கும் ஒன்றும் தெரியாது. யாரோ ஒருவர் முட்டாளாகக் கேட்டுவிடுவார், மற்ற ஏழு பேரும் தெரிந்த மாதிரி நிற்கலாம்.

10 பிப்ரவரி

இதை எழுதித்தான் ஆக வேண்டும். 2016-இல் எனக்குக் காய்ச்சல் வரவில்லை. தெர்மாமீட்டரை டீ டம்ளரில் வைத்தேன்.

10 பிப்ரவரி, இரவு

வீட்டம்மா இதையெல்லாம் படிக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னாள்: "அன்னைக்கே தெரியும். நூத்தி நாலு காய்ச்சல்ல எந்த மனுசன் ரெண்டாவது தோசை கேப்பான்?"

ஒன்பது வருடமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறாள். பையைக் கட்டும்போது சொன்ன அந்த வரியை நான் அக்கறை என்று நினைத்துக்கொண்டு ஹனோய் வரை போயிருக்கிறேன்.

16 பிப்ரவரி

வேறொருவர் கேட்டது: சொந்தமாகத்தான் ஓட்டுவேன், வேறு நாடு சொல்லுங்கள். தாய்லாந்து 1949 புத்தகத்தை ஏற்கிறது, உங்கள் உள்ளூர் உரிமத்திலும் பைக் இருக்க வேண்டும். நம்மைப் போல இடதுபுற ஓட்டம். வடக்கே சியாங் மாயிலிருந்து மே ஹோங் சோன் சுற்று, 600 கிலோமீட்டர், 1,864 வளைவு என்று விளம்பரமே செய்கிறார்கள். நான் போனதில்லை. வீட்டம்மா இதைப் படித்துவிட்டு, பின் சீட்டில் முப்பது வருடம் உட்கார்ந்தவளிடம் யாரும் அனுபவம் கேட்கவில்லையே என்றாள். கேட்டேன். "வளைவுல நீங்க குனியறதுக்கு முன்னாடி நான் குனிஞ்சிடுவேன், உங்களுக்குத் தெரியாது" என்றாள். டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

6 ஜூலை

தகவல் ஒன்று. இந்த மாதம் முதல் தேதியோடு ஹா ஸாங் தனி மாகாணமாக இல்லை, துயென் குவாங்கோடு சேர்த்துவிட்டார்கள். மலை அங்கேயே இருக்கிறது. முகவரி நிரப்பும்போது குழம்பாதீர்கள்.

20 ஜூலை

கேள்வி கேட்டவர் அக்டோபருக்கு முன்பணம் கட்டிவிட்டாராம். பின் சீட்டுத்தான் என்கிறார், நல்லது. அப்போது குதிரைவாலிக் கோதுமைப் பூ பூக்கத் தொடங்கியிருக்கும், மலைச்சரிவெல்லாம் இளஞ்சிவப்பு.

20 ஜூலை, உடனே

குதிரைவாலி இல்லை, அது வேறு தானியம். பக்வீட் என்பார்கள், தமிழில் மரக்கோதுமை என்று சிலர் எழுதுகிறார்கள். பட்டறைக்காரனிடம் தாவரப் பெயர் கேட்டால் இப்படித்தான்.

மழைக்கோட்டு அளவு கேட்டிருந்தீர்கள். உங்கள் சட்டை அளவைவிட இரண்டு அளவு பெரிதாக எடுங்கள், உள்ளே ஜெர்கின் போக வேண்டும். டோங் வானில் ராத்திரி குளிரும். மேல் கோட்டு, கால் சட்டை தனித்தனியாக இருக்கட்டும். தொங்கலாக இருக்கிற ஒரே துண்டு அங்கி வேண்டாம், பின்னால் உட்கார்ந்தால் அதன் நுனி செயினில் மாட்டும். செயினை முதல் நாளே ஆட்டிப் பாருங்கள்.